மீன் சமையலில் சத்தைக் காத்தல்

கொச்சித் துறைமுகத்தின் நடுவே அமைந்துள்ள வில்லிங்டன் தீவில், மத்ஸ்யபுரி எனப்படும் பகுதியில், மத்திய மீன்வளத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்நிலையம், பிடிக்கப்பட்ட மீன் கெடாமல் உண்பவரின் தட்டை அடைவதற்குரிய வழிகளை ஆராய்வதைத் தன் முக்கிய பணிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. உப்பங்கழியின் மறுகரையில் மட்டாஞ்சேரி. மிளகும் சுக்கும் ஏலமும் ஏற்றி இறக்கிய பண்டகசாலைகளால் பெயர் பெற்ற இவ்வூரில் மலையாளிகளுடன் கொங்கணியரும் கச்சிகளும் தமிழரும் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். மீன் உண்ணும் வீடு ஒவ்வொன்றிலும் சட்டி ஒன்று, மசாலை வேறு, பக்குவம் வேறு. ஆயினும், ஆராய்ச்சிக் கூடத்தில் தெரிய வருவனவற்றுக்கும் இச்சட்டிகளில் நிகழ்வனவற்றுக்கும் உள்ள ஒற்றுமை வியப்பளிப்பது. சில வழக்கங்கள் விஞ்ஞானம் சொல்வதற்கு முன்பே சரியாக அமைந்துவிட்டன. வேறு சில, பழமையானவை என்னும் ஒரே காரணத்தால் சரியானவை என்று நம்பப்படுகின்றன.

சமையல், மீனில் உள்ள நன்மையைக் காக்க வல்லது. கெட்டுப்போனதைத் திருத்த வல்லதன்று. நன்றாகக் கொதித்தால் எதுவும் சரியாகிவிடும், காரமும் புளிப்பும் சேர்த்தால் போதும் என்னும் எண்ணம் கடற்கரையிலும் உள்நாட்டிலும் ஒருங்கே பரவியிருக்கிறது. மக்களிடையே பணியாற்றுவோர் முதலில் விளக்க வேண்டியது இதனையே.

மீனின் தசை

மீனின் உடலில் நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பங்கு தண்ணீர். புரதம் பெரும்பாலும் பதினாறு முதல் இருபது பங்கு. கொழுப்போ மீனுக்கு மீன் மாறுவது. ஒரே மீனிலும் பருவத்துக்குப் பருவம் மாறுவது. மலையாளத்தில் மத்தி என்றும் சாள என்றும், தமிழகக் கரையில் சாளை என்றும் வழங்கும் எண்ணெய்ச் சாளையில், மெலிந்த காலத்தில் கொழுப்பு நூற்றுக்குச் சில பங்கே இருக்கும்; தென்மேற்குப் பருவமழைக்குப் பிறகு நன்கு இரை தின்று கொழுத்த காலத்தில் பதினைந்து பங்கையும் தாண்டும். நுகர்வோர் அந்த மாதங்களில் மத்திக்கு ‘நெய் வைத்திருக்கிறது’ என்று சொல்வது வெறும் உபசார வார்த்தையன்று.

ஒரு காலத்தில் இம்மீன் உணவு என்பதைவிட எருவாகவே மதிக்கப்பட்டது. மலபார்க் கரையில் மத்தியை வேகவைத்துப் பிழிந்து எண்ணெய் எடுத்து, எஞ்சிய சக்கையைத் தென்னைக்கும் பிற பயிர்களுக்கும் இடுவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருந்தொழிலாயிருந்தது. அந்த எண்ணெயில்தான் ஒமேகா-3 எனப்படும் கொழுப்பு அமிலங்கள் நிறைந்திருக்கின்றன என்பது பின்னரே தெரிய வந்தது. டென்மார்க் நாட்டு மருத்துவர்களான பாங், டையர்பர்க் என்னும் இருவர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிரீன்லாந்து மக்களின் இரத்தத்தை ஆராய்ந்து, கடல் உணவின் கொழுப்புக்கும் இருதய நலத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எடுத்துக்காட்டினர். மீன் எண்ணெய் மாத்திரைகளைப் பற்றி அதன்பின் நடந்த பரிசோதனைகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. மீனையே உணவாகக் கொள்வது நல்லது என்னும் கருத்து மட்டும் நிலைத்து நிற்கிறது. விலை உயர்ந்த பெரிய மீனைவிட இவ்வகையில் சிறிய மத்தியே மேல். மேலும், சுறா போன்ற பெரிய மீன்கள் சிறு மீன்களைத் தின்று வளர்வதால் அவற்றின் உடலில் பாதரசம் சேர்கிறது. குறுகிய ஆயுளுடைய மத்தியிலும் நெத்திலியிலும் அது மிகக் குறைவு. கர்ப்பிணிகளுக்கு இது முக்கியமான செய்தி.

ஆட்டிறைச்சிக்கும் மீனுக்கும் உள்ள வேற்றுமையைச் சமைப்பவர் கையே அறியும். மீனின் தசை நீண்ட நார்களால் ஆனதன்று; குறுகிய இழைகள் அடுக்கடுக்காக மெல்லிய சவ்வினால் இணைக்கப்பட்டுள்ளன. அச்சவ்வு சிறிது சூட்டிலேயே கரைந்துவிடும். அடுக்குகள் இதழ் இதழாகப் பிரியும். ஆகையால் மீனை மிருதுவாக்குவதற்காக நெடுநேரம் வேகவைக்க வேண்டிய தேவை இல்லை. புரதம் உறைந்த பிறகும் கொதிப்பு நீடித்தால், தசை சுருங்கித் தன் நீரை வெளியேற்றுகிறது, மீன் சக்கையாகிறது. கண்ணாடி போல் மங்கலாய்த் தெளிந்திருந்த சதை வெண்மையாகி, முள்ளை விட்டு எளிதில் பிரிவதே பக்குவத்தின் அடையாளம். அப்போது துண்டின் நடுப்பாகத்தில் ஏறக்குறைய 63 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் இருக்கும். கடல் மீனில் காணப்படும் பெரும்பாலான நோய்க்கிருமிகள் அழிவதற்கும் அது போதும். இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுக்குக் கொதிக்கும் குழம்பில் பத்து நிமிடம் என்பது நம்பத்தக்க கணக்கு.

அடுப்புக்கு முன்

கிருமிகள் வெந்து இறந்துவிடும். அவை விட்டுச்சென்ற நஞ்சு இறப்பதில்லை. மத்தி, அயிலை, சூரை முதலிய மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் தனித்த நிலையில் மிகுதியாக உள்ளது. மீன் இறந்தபின் வெப்பத்தில் கிடந்தால், செவுளிலும் குடலிலும் இருந்து பரவும் பாக்டீரியாக்கள் இதனை ஹிஸ்டமின் என்னும் பொருளாக மாற்றுகின்றன. கொச்சியின் வெயிலில் இதற்குச் சில மணி நேரமே வேண்டும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமினைக் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போக்க முடியாது. உறையவைத்தாலும் போகாது, டப்பாவில் அடைத்துப் பெருஞ்சூட்டில் பதப்படுத்தினாலும் எஞ்சும்.

இத்தகைய மீனை உண்டவருக்குச் சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவந்து கனலும். உடலில் தடிப்பும் அரிப்பும் தோன்றும். தலைவலியும் குமட்டலும் வாந்தியும் வரலாம். ஒரே சட்டியில் உண்ட வீட்டார் பலருக்கு ஒருங்கே இவ்வாறு நேர்ந்தால் ஐயம் உறுதிப்படும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தணிந்துவிடும் எனினும், ஆஸ்துமா அல்லது இருதய நோய் உடையவரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இதில் இன்னொரு தீங்கும் உண்டு. இதனை ‘மீன் ஒவ்வாமை’ என்று தவறாகக் கருதி, அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் மீனே கொடாமல் விட்டுவிடும் வீடுகள் உண்டு. குற்றம் மீனின்மீதன்று, அது கிடந்த வெயிலின்மீது.

ஹிஸ்டமின் மிகுந்த மீன் சில வேளைகளில் நாவில் மிளகுபோல் சுருக்கென்று உறைக்கும். ஆனால் மிளகும் மிளகாயும் தாராளமாக அரைத்த மட்டாஞ்சேரிக் குழம்பில் அந்த எச்சரிக்கை யாருக்குத் தெரியப்போகிறது? நாற்றமும் நம்பத்தக்க துணையன்று. நாற்றம் வருமுன்னரே நஞ்சு சேர்ந்திருக்கக் கூடும். நம்பத்தக்கது பனிக்கட்டி ஒன்றே. மீன் பிடிபட்ட கணம் முதல் அடுப்பில் ஏறும்வரை 4 டிகிரிக்கு மேற்படாமல் வைத்திருந்தால் இந்த மாற்றம் பெரும்பாலும் நிகழாது. ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு பனிக்கட்டி என்பது வெப்ப நாடுகளுக்குரிய கணக்கு.

பனிக்கட்டி இக்கரையில் பரவிய வரலாறு நெடியதன்று. இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் 1952இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கப்பட்ட திட்டம், விசைப்படகுகளோடு ஐஸ் உற்பத்தியையும் குளிர்பதன முறைகளையும் மீனவர்க்கு அறிமுகம் செய்தது. 1963இல் அத்திட்டத்தின் தலைமையிடம் கொச்சிக்கு மாற்றப்பெற்றது. படகிலும் துறையிலும் பனிக்கட்டி நிலைபெற்றுவிட்டது எனலாம். சங்கிலி அறுவது பெரும்பாலும் கடைசிக் கண்ணியில்: தெருவிற்பனையாளரின் கூடையிலும், சந்தையிலிருந்து வீடு செல்லும் பையிலும், சமையலறை மேடையிலும். சந்தைக்குச் செல்வோர் மற்ற சாமான்களை எல்லாம் வாங்கிய பின் மீனை வாங்குவது என்னும் எளிய மாற்றமே ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பனிக்கட்டிக்குப் பதிலாகப் பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலினைப் பயன்படுத்தும் கொடுமையும் நிகழ்ந்துள்ளது. 2018 ஜூன் மாதத்தில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறையினர் ‘சாகர் ராணி’ என்னும் பெயரால் நடத்திய சோதனைகளில், எல்லைச் சாவடிகளில் இத்தகைய மீன் பெருமளவில் கைப்பற்றப்பட்டது. கேரளத்தில் 1988 முதல் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடை விதிக்கப்படுகிறது. அக்காலத்தில் வெளி மாநிலங்களிலிருந்து மீன் நெடுந்தூரம் வருவதால் ஐயத்துக்கு இடம் மிகுதி. மத்ஸ்யபுரி நிலையத்தார் அமைத்துள்ள சோதனைத் தாளை மீனின்மேல் தேய்த்து, அதன்மேல் ஒரு துளி கரைசல் விட்டால், ஃபார்மலின் இருப்பின் சில நிமிடங்களில் நிறம் மாறும். அம்மோனியாவைக் கண்டறிய இதுபோன்ற வேறொரு தாளும் உண்டு. ஈ மொய்க்காத மீன், நாள் கடந்தும் விறைப்பாக நிற்கும் மீன், மீனுக்குரிய மணமே இல்லாத மீன் ஆகியவற்றை ஐயுறுவது தகும்.

வீட்டுக்கு வந்த மீனை முழுதாகக் கழுவி, குடலையும் செவுளையும் உடனே நீக்கி, பிறகு துண்டு போடுவதே முறை. துண்டு போட்டபின் பலமுறை பிசைந்து கழுவுவதும், தண்ணீரில் ஊறவைப்பதும், நீரில் கரையும் புரதத்தையும் பி வகை வைட்டமின்களையும் தாது உப்புக்களையும் தொட்டியில் கொட்டுவதாகும். வெண்மையாகும் வரை கழுவினால்தான் சுத்தம் என்பது பல வீடுகளின் கொள்கை. அது கண்ணுக்கு விருந்து, உடலுக்கு நஷ்டம். பச்சை மீன் அறுத்த கத்தியாலும் பலகையாலும் கழுவாமல் காய்கறி நறுக்குவது, மீனைச் சரியாக வேகவைத்த பயனையே போக்கிவிடும்.

குடம்புளிச் சட்டி

மட்டாஞ்சேரி வீடுகளில் மத்திக்கும் அயிலைக்கும் பொதுவான பக்குவம், மண்சட்டியில் குடம்புளி இட்டு வைக்கும் சிவந்த குழம்பு. மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலில் விளையும் இப்பழத்தின் தோலை வெயிலில் உலர்த்தி, புகையூட்டிக் கருக்கி வைத்துக்கொள்வர். அரைக் கிலோ மீனுக்கு மூன்று நான்கு சுளைகள் போதும். இலங்கையில் இதனைக் கொறக்காய் என்பர். முன்னாளில் மலபார், கன்னடக் கரைகளில் பிடித்த அயிலையைக் குடல் நீக்கி, உப்பும் குடம்புளியும் சேர்த்துப் பீப்பாய்களில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்பினர். அம்முறைக்குக் ‘கொழும்புப் பதனம்’ என்றே பெயர். உப்போடு புளிப்பும் சேர்ந்தால் கிருமிகள் தழைப்பது கடினம் என்பதை அவ்வணிகர் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

சட்டியிலும் அமிலம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. மீன் நாற்றத்துக்குக் காரணமான டிரைமெதிலமின் என்னும் காரப்பொருளோடு அமிலம் கூடி, ஆவியாகாத உப்பாக அதனை மாற்றிவிடுகிறது. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம்: மீன் தொட்ட கையைச் சோப்பால் கழுவியபின் முகரச் செய்து, பின்னர் எலுமிச்சை அல்லது புளிக்கரைசலால் தேய்த்து மீண்டும் முகரச் செய்தால் போதும். இரண்டாவதாக, புளிப்பில் மெல்ல வெந்த சிறு மத்தியின் முள் இளகுகிறது, முள்ளோடு தின்னத்தக்கதாகிறது. பால் வாங்க இயலாத வீட்டில் கால்சியத்துக்கு அதுவே வழி. ஆயினும் நாற்றத்தை அடக்கும் புளிப்பு, ஹிஸ்டமினைத் தொடுவதில்லை என்பதை இங்கே மறக்கலாகாது. பழைய மீனைப் புளிப்பால் மறைப்பது, அபாயத்துக்குத் திரையிடுவதேயாகும்.

இக்குழம்பில் இன்னொரு நன்மை, எதுவும் வீணாகாமை. மீனிலிருந்து வெளியேறும் கொழுப்பும் நீரில் கரைந்த சத்தும் சாற்றிலேயே தங்குகின்றன. சாறு சோற்றோடு உள்ளே செல்கிறது. கொதிநீரின் உஷ்ணம் நூறு டிகிரியைத் தாண்டாதாகையால் ஒமேகா-3 கொழுப்பும் பெரிதாகச் சேதமடைவதில்லை. மசாலையையும் புளியையும் முதலில் நன்கு கொதிக்கவிட்டு, பிறகு மீனை இட்டுத் தீயைத் தணிப்பது முறை. கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றும் பழக்கம், பிரியும் இயல்புடைய மீன் தசைக்கு ஏற்றது. மண்சட்டி புளிப்போடு வினைபுரிவதில்லை. அலுமினியப் பாத்திரமோ புளிப்பில் சிறிது சிறிதாகக் கரையும். குறையொன்று உண்டு: உப்பு. நாளொன்றுக்கு ஒருவருக்கு ஐந்து கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. புளிப்பும் காரமும் மிகும்போது உப்பும் தன்னையறியாமல் மிகுந்துவிடும். முதலில் பாதி உப்பிட்டு, இறக்கும்போது சுவைபார்த்துச் சேர்ப்பது பயன்தரும்.

மீன்குழம்புக்குத் துணையாக இங்கே மரவள்ளிக்கிழங்கை உண்பர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்த இக்கிழங்கு, இரண்டாம் உலகப்போர்க் காலத்து அரிசிப் பஞ்சத்தில் பலரைக் காத்தது. ஆனால் இதில் புரதம் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கே. சயனைடு தோன்றுவதற்குரிய பொருளும் இதில் உண்டு. ஆகவே நிறைய நீரில் வேகவைத்து நீரை வடித்துவிட வேண்டும். எஞ்சிய சிறிதளவை உடல் செயலிழக்கச் செய்வதற்குக் கந்தகம் அடங்கிய அமினோ அமிலங்கள் தேவை; அவை மீனில் நிறைய உள்ளன. ஏழையின் தட்டில் கிழங்கும் மத்தியும் சேர்ந்தது தற்செயலாக இருக்கலாம். சேர்க்கை மிகப் பொருத்தமானது.

இலையும் ஆவியும்

கேரளம் 2010இல் மாநில மீனாக அறிவித்த கரிமீனை, மசாலை பூசி வாழையிலையில் பொதிந்து, காய்ந்த கல்லில் வைத்துச் சுடுவர். இலைக்குள் மீன் தன் நீராவியிலேயே வேகிறது. எண்ணெய் ஒரு கரண்டி போதும். நெருப்பில் நேராக வாட்டும்போது கொழுப்பு தணலில் சொட்டி எழுகின்ற புகையில், புற்றுநோயோடு தொடர்புடைய பொருள்கள் உண்டாகி மீன்மேல் படிகின்றன. இலை அதனைத் தடுக்கிறது. கருகிய இலையோடு ஒட்டிய பாகத்தை மட்டும் நீக்கிவிடலாம். சிற்றுண்டிச்சாலைகளில் மீனை முதலில் முழு எண்ணெயில் பொரித்துவிட்டுப் பின்னர் இலையில் மடிப்பதைக் காணலாம்; அவ்வாறு செய்தால் இலைக்கு அலங்காரம் தவிர வேறு வேலை இல்லை.

நெத்திலியைத் துருவிய தேங்காயோடும் சின்ன வெங்காயத்தோடும் கலந்து, கையளவு நீர் தெளித்து மூடி வேகவைக்கும் ‘பீர’ என்னும் பக்குவம் இன்னும் எளிது. பத்து நிமிட வேலை, விறகும் குறைவு. பள்ளிகளில் செய்து காட்டுவதற்கு இதனினும் ஏற்றது இல்லை.

பொரித்தல்

வறுத்த மீனை விலக்கச் சொன்னால் கேட்பார் யாருமில்லை, சொல்லவும் தேவையில்லை. நிகழ்வதை அறிந்து செய்தால் போதும். கொதிக்கும் எண்ணெயில் மீனை இட்டவுடன் அதன் நீர் ஆவியாய்ச் சீறி வெளியேறுகிறது. நீர் விட்ட இடங்களில் எண்ணெய் புகுகிறது. கொழுப்பு குறைந்த மீன் இவ்வாறு எண்ணெயை உறிஞ்சுகிறது. மத்தி போன்ற கொழுத்த மீனிலோ பண்டமாற்று நடக்கிறது: மீனின் சொந்தக் கொழுப்பு வாணலிக்குச் செல்ல, வாணலியின் கொழுப்பு மீனுக்குள் வருகிறது. ஒமேகா-3க்காக வாங்கிய மத்தியில் சூரியகாந்தி எண்ணெயோ பாமாயிலோ பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

எண்ணெயின் பெரும்பகுதி உள்ளே இழுக்கப்படுவது, மீனை வெளியே எடுத்து அது ஆறத் தொடங்கும்போதுதான். ஆகவே எடுத்த சூட்டிலேயே கம்பிச் சல்லடையில் நிறுத்தி வடியவிட வேண்டும்; தட்டில் குவித்து வைத்தால் வடிந்த எண்ணெயையே மீன் மறுபடி குடிக்கும். எண்ணெய் போதிய சூடு ஏறுமுன் மீனை இடுவதும் தவறு; புகையும் வரை காய்ச்சுவதும் தவறு. வாணலி நிறைய எண்ணெய்க்குப் பதிலாக, இரும்புத் தோசைக்கல்லில் இரண்டு கரண்டி எண்ணெயில் இருபுறமும் திருப்பிச் சுடுவது எவ்வகையிலும் மேல்.

பொரித்த எண்ணெயை எடுத்து வைத்து மீண்டும் மீண்டும் காய்ச்சுவதே உண்மையான தீங்கு. ஒவ்வொரு முறையும் சிதைவுப் பொருள்கள் அதில் சேர்கின்றன. இவ்வித சிதைவுப் பொருள்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை உணவகங்கள் பயன்படுத்தலாகாது என்னும் விதி, 2018 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் அளவுகோல் இல்லை, கண்ணே அளவுகோல். நிறம் கறுத்து, பிசுபிசுப்பாகி, நுரைத்து, முன்னைவிடக் குறைந்த சூட்டில் புகைந்தால், அவ்வெண்ணெயின் காலம் முடிந்தது. மீன் பொரித்த எண்ணெய் மற்ற எண்ணெயைவிட விரைவில் கெடும்; மீனிலிருந்து அதில் இறங்கிய மென்மையான கொழுப்பே காரணம்.

அடுத்த நாள் குழம்பு

முதல் நாள் வைத்த குடம்புளிக் குழம்பு மறுநாள் சுவை கூடுகிறது என்பர், உண்மையே. புளிப்பும் உப்பும் துண்டின் உட்பாகம்வரை சென்று சேர்வதற்கு அந்நேரம் வேண்டும். புளிப்பு கிருமிகளின் பெருக்கத்தைத் தாமதப்படுத்துகிறது, நிறுத்திவிடுவதில்லை. குளிர்பெட்டி இருப்பின், ஆறிய குழம்பை இரண்டு மணி நேரத்துக்குள் அதில் வைத்துவிடலாம். இல்லாதவர் இரவும் காலையும் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடியைத் திறவாமல், எச்சில் படாத கரண்டியால் எடுத்துப் பயன்படுத்துவர். அதுவும் மறுநாள் மதியத்தோடு முடிந்துவிட வேண்டும். தேங்காய்ப்பால் சேர்த்த மீன் மோளிக்கு இந்தச் சலுகை கிடையாது. அதில் புளிப்பு குறைவு. தேங்காய்ப்பாலோ கிருமிகளுக்கு நல்ல உணவு. மோளி வைத்த வேளையிலேயே சட்டி காலியாகிவிடும் அளவில் சமைப்பது நன்று.